லோகெய்னின் துரோகத்துக்குப் பதவி ஆசை மட்டுமா காரணம்?

'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' (2009) வீடியோ கேமில் தளபதி லோகெய்ன், பதவி ஆசையில்தான் ஆஸ்டகார் போரில் படையோடு பின்வாங்கி மன்னன் கைலனைச் சாகவிட்டார் என்று ஒரு கட்டுரை அடித்துச் சொல்கிறது. 'ரிட்டர்ன் டு ஆஸ்டகார்' கூடுதல் பகுதியை விளையாடினால் அப்படி முடித்துவிட முடியாது. கைலனின் பெட்டியில் இருக்கும் கடிதங்களைப் படியுங்கள். ஒன்றில், கைலனின் மனைவியும் லோகெய்னின் மகளுமான அனோராவை விலக்கிவிடச் சொல்கிறார் கைலனின் மாமா ஈமன். இன்னொன்று அண்டை நாடான ஓர்லேயின் பேரரசி செலீன் எழுதியது. ஓர்லேயின் ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடியே பெயர் எடுத்த லோகெய்னுக்கு, கைலனைச் சந்தேகப்பட இதைவிட என்ன வேண்டும்? போரில் லோகெய்னின் படை தாக்குவதற்கு அடையாளமாகக் கோபுரத்தில் தீ ஏற்றுவதும் தாமதமாகிறது, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் ஈமனுக்கு விஷம் வைக்க ஜோவன் என்ற மந்திரவாதியை ஏவியதற்கும், எல்ஃப் இனத்தவரை டெவின்டர் நாட்டுக்கு அடிமைகளாக விற்றதற்கும் எந்தச் சமாதானமும் கிடையாது. லேண்ட்ஸ்மீட் என்ற பிரபுக்கள் சபையில் அவரை உயிரோடு விட்டு, அதன் பிறகு ஆஸ்டகாருக்குக் கூட்டிப்போங்கள். ஏன் அப்படிச் செய்தார் என்று அவர் வாயாலேயே கேட்கலாம். ஆனால் அவரை உயிரோடு விட்டால், உங்கள் தோழர் அலிஸ்டர் மட்டும் குழுவைவிட்டுப் போய்விடுவார்.