வாள் சண்டைக்கு வர்க்க விதி பொருந்தாதுண்ணே
அண்ணே, ஆள் ரெட்டிப்பா இருந்தா பலம் நாலு மடங்குன்னு லான்செஸ்டர்ங்கிற இங்கிலாந்து பொறியாளரோட போர்க் கணக்கு சொல்லுது, பழங்கால வாள் சண்டைக்கும் அதேதான்னு உங்க பதிவுல போட்டிருக்கீங்க. அந்த வர்க்க விதி துப்பாக்கி மாதிரி தூரத்துல இருந்து எல்லாரும் ஒரே நேரத்துல சுடுற சண்டைக்குத்தான். கைகலப்புக்கு நேர்கோட்டு விதின்னு, அதாவது ஆள் ரெட்டிப்பானா பலமும் ரெட்டிப்பு மட்டும்தான்னு, லான்செஸ்டரே 1916 புத்தகத்துல பிரிச்சு சொல்லிட்டாரு. நம்ம கீழக்கரை சந்துல ரெண்டு கூட்டம் மோதுனா முன்னாடி நிக்கிறவங்கதான அடிச்சுக்க முடியும், பின்னாடி நூறு பேர் நின்னு என்ன பண்ண?

நீங்களே எக்செல்ல போட்டு பாருங்க, 1000 பேருக்கு 500 பேர், ரெண்டு பக்கமும் சம திறமை. ஒவ்வொரு வரியிலும் எதிரி எண்ணிக்கையில நூத்துல ஒரு பங்கு கழிச்சுட்டே வந்தா சின்ன படை தீரும்போது பெரிய படையில 866க்கு பக்கத்துல மிஞ்சும், அதுதான் வர்க்க விதி. ஒத்தைக்கு ஒத்தைன்னு கழிச்சா மிஞ்சுறது 500தான்.