பிராண்டை விடுங்கள், வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள்

"அண்ணா, டாய் ஹாலர் வாங்கலாம்னு இருக்கேன். எந்த பிராண்டு நல்லது?" அரிசோனாவில் சாண்ட்லர் ஊரில் இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். நானும் ஏழு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு அலைந்தவன்தான்.

தெரியாதவர்களுக்கு: டாய் ஹாலர் என்பது டிரக் இழுத்துப் போகும் வீடு. முன்பாதியில் கட்டில், அடுப்பு, கழிப்பறை. பின்பாதி கராஜ். பின்சுவரே கீழே சாய்ந்து சரிவுப் பலகையாகும். பைக்கையோ, மணல்மேட்டில் ஓட்டும் சின்ன வண்டியான மணல் பக்கியையோ அதில் ஏற்றிக் கொண்டுபோகலாம். அரிசோனா, கலிபோர்னியா பக்கம் குளிர்காலம் வந்தாலே சாலையெல்லாம் இதுதான்.

நான் முதலில் வாங்கியது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைத்த பெயர். மூன்றாவது பயணத்தில் கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேட்டில் கராஜைத் திறந்தால், பக்கியைக் கட்டியிருந்த பெல்ட் தொளதொளவென்று கிடக்கிறது. தரையில் இருந்த வளையம் ஒருபக்கம் பெயர்ந்து நிற்கிறது. வீட்டுக்கு வந்து, அடியில் போர்த்தியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் அட்டையைக் கழற்றிப் பார்த்தேன். போல்ட் இரும்புச் சட்டத்தைத் தொடவே இல்லை. வெறும் பிளைவுட்டில் ஓட்டை போட்டு, காலணா அளவு வாஷரை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். 1,600 பவுண்டு வண்டியை அதுதான் பிடித்துக்கொண்டிருந்தது.

பிராண்டு மேல் கோபம் வந்தது உண்மை. அப்புறம் விசாரித்ததில் கோபம் குறைந்தது, நம்பிக்கையும் சேர்ந்தே குறைந்தது. அமெரிக்காவின் ஆர்வி வண்டிகளில், அதாவது டாய் ஹாலர் மாதிரி வீட்டு வண்டிகளில், பெரும்பாலானவை இண்டியானாவில் எல்கார்ட் ஊரைச் சுற்றித்தான் தயாராகின்றன. பிராண்டுகளில் கீஸ்டோன், ஹார்ட்லேண்ட், ஜேகோ எல்லாம் தோர் கம்பெனியின் கையில். ஃபாரஸ்ட் ரிவர் 2005 முதல் பெர்க்‌ஷயர் ஹாதவேயிடம். கிராண்ட் டிசைனை 2016-ல் வினிபேகோ வாங்கிவிட்டது. பெயர் எதுவானாலும் அடியில் இருக்கும் ஃபிரேம் (இரும்புச் சட்டம்) பெரும்பாலும் லிப்பர்ட் கம்பெனியுடையது. ஆக்ஸில், அதாவது சக்கர அச்சு, லிப்பர்ட், இல்லையென்றால் டெக்ஸ்டர். ஒரே மளிகைக் கடைச் சாமான், பந்தல் மட்டும் வேறு வேறு. அன்றைக்கு அடுப்படியில் நின்றது யார் என்பதைப் பொறுத்துத்தான் சாப்பாடு. 2021-ல் மட்டும் 6 லட்சத்துக்கும் மேல் ஆர்வி வண்டிகள் ஆலைகளை விட்டு வெளியே போயின. அந்த அவசரத்தில் தயாரான வண்டி என்றால் நான் இரண்டு மடங்கு சந்தேகப்படுவேன், அது எந்தக் கம்பெனியாக இருந்தாலும்.

சரி, எதைப் பார்ப்பது? என்னைக் கேட்டால் முதலில் கதவருகே ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கர். எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று அதில் இருக்கும். என்னுடையதில் 3,100 பவுண்டு. அடேயப்பா என்று நினைத்தேன். பக்கி 1,600. தண்ணீர்த் தொட்டி 100 கேலன், கேலனுக்கு 8.3 பவுண்டு, ஆக 830. கூடவே 30 கேலன் பெட்ரோல், கிட்டத்தட்ட 180. மிச்சம் 490 பவுண்டு. கருவிப்பெட்டி, நாற்காலி, துணிமணி, மாமியார் கட்டிக்கொடுத்த புளியோதரை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

எடை எங்கே உட்காருகிறது என்பது அதைவிட முக்கியம். இதை எந்த விற்பனையாளரும் தானாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. கராஜ் ஆக்ஸிலுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே பாரம் ஏற ஏற, முன்னால் டிரக்கின் ஹிட்ச்சில், அதாவது டிரெய்லரை மாட்டும் கொக்கியில், இறங்கும் எடை குறையும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. பக்கியை ஏற்றியதும் எனக்கு அது 10-க்குக் கீழே போய்விட்டது. அரிசோனாவின் யூமா ஊருக்கு முன்னால், எட்டாம் எண் நெடுஞ்சாலையில், பக்கவாட்டுக் காற்று அடித்ததும் டிரெய்லர் வாலை ஆட்டியது. ஸ்டியரிங்கைப் பிடித்த கை மறுநாள் வரை வலித்தது. தண்ணீர்த் தொட்டி ஆக்ஸிலுக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். பின்னால் என்றால் அதுவும் சேர்ந்து முன்பக்கத்தைத் தூக்கும். முடிந்தால் பாரத்தோடு டிரக் ஸ்டாப்பில் எடை போட்டுப் பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2321 என்றிருந்தால், 2021-ன் 23-வது வாரம் தயாரித்தது. டயர் எந்த வேகம் வரைக்கும் என்பதையும் பாருங்கள். பல டிரெய்லர் டயர்களுக்கு மணிக்கு 65 மைல்தான். வெளிச்சுவரில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத உப்பல் நிழலாகத் தெரியும். உப்பியிருந்தால் பெரும்பாலும் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். விலை பேசவே உட்காராதீர்கள். கூரை மேல் ஏறி மூலைகளில் தண்ணீர் இறங்காமல் பூசிய சீலண்ட் பசை விரிந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். ஏறக்கூடாது என்று கடைக்காரர் சொன்னால் நான் கிளம்பிவிடுவேன்.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். கோளாறு வந்தால் போனை எடுப்பார்களா, பாகம் அனுப்புவார்களா என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. அதுவும் பெரும்பாலும் வாரண்டி இருக்கும் ஒரு வருடத்துக்குத்தான்.

சனிக்கிழமை தம்பியோடு வண்டி பார்க்கப் போகிறேன். பழைய டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை.