புகையைப் பார்த்ததும் டர்போ போச்சு என்பார்கள்

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவை மாற்றிய பிறகும் வண்டி அதே நீலப் புகையைத்தான் கக்குகிறது. மாற்றிய பட்டறையிலேயே அதைக் கொண்டுபோய்க் காட்டினால், "நிறைய ஓடின வண்டி சார், கொஞ்சம் புகை இருக்கத்தான் செய்யும்" என்று வாய் கூசாமல் சொல்கிறார்கள். இருக்கத்தான் செய்யும் என்றால் டர்போவை எதற்காகக் கழற்றினீர்கள்? மாற்றுவதற்கு முன்னால் சகிக்க முடியாத கோளாறாக இருந்த அதே புகை, பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு வண்டியின் இயல்பாக மாறிவிட்டதா?

அந்தப் பட்டறையில் கோளாறு கண்டுபிடிக்கப்பட்ட விதத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. பானெட்டைத் திறக்கவில்லை. இன்ஜின் சூடாகும்வரை காத்திருக்கவும் இல்லை. ஒரு பையன் சீட்டில் உட்கார்ந்து, நியூட்ரலில் வைத்து, குளிர்ந்து கிடந்த இன்ஜினின் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினான். ஃபோர்மேன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பின்னால் நின்றார். புகை வந்தது. அவர் குனிந்து சைலன்சர் வாயருகே உள்ளங்கையை நீட்டி, முகர்ந்து பார்த்து, கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, "டர்போ போச்சு" என்றார். அவ்வளவுதான். நான் சொல்ல வந்த எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது புகை இல்லை. மேட்டில் இழுத்து ஏறும்போதும் இல்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் வெகுநேரம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது மட்டும்தான் வருகிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே, அவர் போனில் உதிரிபாகக் கடைக்காரரிடம் டர்போ இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

புகை எப்போது வருகிறது என்பதுதானே முதல் கேள்வி? நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் கிளம்பும்போது மட்டும் நீலமாகப் புகைத்தால், வால்வு வழியாக எண்ணெய் இறங்காமல் தடுக்கும் வால்வு சீலைச் சந்தேகிக்க வேண்டும். பாரத்தோடு இழுக்கும்போது தொடர்ந்து புகைத்தால், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான பிஸ்டன் ரிங் பக்கம் போக வேண்டும். வெண்புகை சூடான பிறகும் நிற்காமல், இனிப்பு வாசனையோடு வந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைந்தால் அது சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டா, தண்ணீரால் குளிர்விக்கப்படும் டர்போவின் நடுக்கூட்டில் விரிசலா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் கரும்புகை என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் விதிவிலக்கு உண்டு என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் சோதனை என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

டர்போவைப் பற்றி ஒரு விஷயம் இவர்களில் பலருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அக்கறை இல்லை. அதன் அச்சில் இருக்கும் எண்ணெய் சீல், ரப்பர் சீல் அல்ல. பிஸ்டன் ரிங்கைப் போன்ற மிகச் சிறிய உலோக வளையம். அந்த வளையம் மட்டும் எண்ணெயைத் தடுத்து நிறுத்திவிடாது. இரு பக்கமும் இருக்கும் காற்றழுத்தம்தான் எண்ணெயை உள்ளே வைத்திருக்கிறது. நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும் அந்த அச்சைக் குளிர்வித்த எண்ணெய் நுரைத்துப்போய், எந்தப் பம்பும் இழுக்காமல், தன் எடையால் மட்டுமே குழாய் வழியாக இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்குத் திரும்புகிறது. அந்த வடிகுழாயில் கரி படிந்து அடைத்திருந்தாலோ, இன்ஜினின் அடிக்கூடான கிரான்க்கேஸிலிருந்து வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்து அங்கே அழுத்தம் ஏறியிருந்தாலோ, எண்ணெய் இறங்க வழியில்லாமல் சீலைத் தாண்டிக் கசியும். ஐடிலில் நிற்கும்போது டர்போவுக்குள் காற்றழுத்தம் மிகக் குறைவு, ஆகவே கசிவு அப்போதுதான் அதிகம். கிளம்பும்போது தேங்கிய எண்ணெய் எரிந்து புகையாகிறது. இந்த நிலையில் பழைய டர்போவைக் கழற்றிவிட்டு அப்போதுதான் பெட்டியைப் பிரித்த டர்போவை மாட்டினாலும் அதுவும் புகைக்கத்தான் செய்யும். புகைக்கிறதே!

இப்போது வீட்டு வாசலில் வைத்து நானே பார்த்தேன். சூடான இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் தன் இருப்பிடத்திலிருந்து ஒரு விரற்கடை மேலே எழும்பி நிற்கிறது. அதன் கழுத்தைச் சுற்றி ஈரமான எண்ணெய் வளையம். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து காற்று கையைத் தள்ளுகிறது. நல்ல நிலையில் இருக்கும் இன்ஜினில் ஐடிலின்போது அங்கே லேசான உறிஞ்சல் இருக்க வேண்டும். ஃபோர்மேன் பானெட்டைத் திறந்திருந்தால், டிப்ஸ்டிக்கைப் பார்ப்பதற்கு அவருக்குக் கருவி எதுவும் தேவைப்பட்டிருக்காது.

இது கிரான்க்கேஸ் வாயு வெளியேறும் வழியான ப்ரீதர் அடைத்துக்கொண்டதா, ரிங் தேய்ந்து எரிந்த வாயு கீழே இறங்குகிறதா என்பதைப் பிரித்தறியவும் வழி இருக்கிறது. ப்ரீதர் ஹோஸையும் பி.சி.வி. வால்வையும் கழற்றிப் பார்ப்பதற்கு அதிக நேரம் ஆகாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் எந்தச் சிலிண்டரில் எண்ணெய் எரிகிறது என்று அதுவே காட்டும். சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தமான கம்ப்ரஷன் குறைவாக இருந்தால், சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கலாம். அளவு ஏறினால் குற்றம் ரிங்கில், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில் அல்லது கேஸ்கெட்டில். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிப் பார்க்கும் லீக் டவுன் டெஸ்ட் செய்தால் காற்று எந்த வழியாக வெளியேறுகிறது என்று காதாலேயே கேட்கலாம். இத்தனையும் டர்போவைக் கழற்றி மாட்டும் கூலியில் அடங்கக்கூடிய வேலைகள். ஆனால் சோதனைக்குக் கூலி கேட்க இவர்களுக்குத் தயக்கம், பாகத்தைத் தலையில் கட்டுவதற்கு மட்டும் எந்தத் தயக்கமும் இல்லை.

எல்லாவற்றையும்விட ஆத்திரம் மூட்டுவது வேறொன்று. கழற்றிய என் பழைய டர்போவைக் கேட்டேன். "அதை வச்சு என்ன சார் பண்ணப்போறீங்க, கடைக்காரர் எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துட்டுப் போயிட்டார்" என்கிறார் ஃபோர்மேன். என்ன பண்ணுவேனா? அச்சை விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பேன். பக்கவாட்டில் சற்று ஆடுவது எண்ணெய்ப் படலத்துக்காக விட்ட இடைவெளி, அது கோளாறு அல்ல. நீளவாட்டில் ஆட்டம் இருக்கிறதா, இறக்கைகளின் நுனி கூட்டில் உரசிய தடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். உரசியிருந்தால் நீங்கள் சொன்னதில் பாதியாவது சரி என்று ஒப்புக்கொள்வேன். உரசாத, நல்ல டர்போ ஒன்றை நீங்கள் எனக்குத் தெரியாமல் எக்ஸ்சேஞ்சில் தள்ளியிருந்தால், அது யாருடைய வண்டியில் ஏறப்போகிறது, அவரிடம் எவ்வளவு வாங்கப்போகிறீர்கள்? எழுத்தில் பதில் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். போனை எடுக்கவில்லை.