முட்டி வலித்தால் முதலில் சீட்டைப் பாருங்கள்

அறுபதைத் தாண்டியவர்கள் சைக்கிளை ஓரங்கட்டும்போது முட்டிவலியைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். வீட்டிலும் "இந்த வயசுல எதுக்குப்பா?" என்று சாவியை வாங்கி வைத்துவிடுகிறார்கள். வயதின்மேல் பழி போடுமுன் சீட்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைப்பது நம்மூர் வழக்கம். அப்படி வைத்தால் பெடல் மேலே வரும்போது முட்டி அளவுக்கு மீறி மடங்கும். முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடி, முன்பக்கம் வலிக்கும்.

சுவரைப் பிடித்தபடி ஏறி உட்காருங்கள். பெடலை அடியில் கொண்டுவந்து அதில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முட்டி 25 முதல் 30 டிகிரி மடங்கும். அதுதான் சரியான அளவு. வாரத்துக்கு அரை சென்டிமீட்டராக ஏற்றுங்கள். முட்டிக்குப் பின்னால் இழுத்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இருபக்கமும் ஆடினாலோ கூடுதலாக ஏற்றிவிட்டீர்கள். சீட்டுக் குழாயில் எல்லைக்கோடு இருக்கும். அது வெளியே தெரியும்படி தூக்கவே கூடாது. கை மரத்துப்போனால் உடம்பு பாரம் ஹேண்டில்பாரில் இறங்குகிறது என்று பொருள். அதைச் சீட்டு மட்டத்துக்கு, இல்லை ஒரு விரற்கடை மேலே உயர்த்துங்கள்.

சீட்டு ஏறினால் உட்கார்ந்தபடி கால் எட்டாது. நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கித்தான் ஊன்ற வேண்டும். அங்கே குறுக்குக் கம்பி வம்பு செய்யும். பின்னால் காலை வீசி ஏறவும் இடுப்பு ஒத்துழைக்காது. ஆகவே ஆண்களும் லேடீஸ் சைக்கிள் வாங்குங்கள். சிரிக்கிறவர் சிரிக்கட்டும், இடுப்பெலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரியில் அவரா வந்து உட்காரப் போகிறார்?

மிதிப்பதில் பலம் காட்டாதீர்கள். லேசான கியரில் நிமிடத்துக்கு 60, 70 சுற்று போதும். மிதிக்கும்போது பேச மூச்சு வர வேண்டும், பாட வரக் கூடாது. புதுச்சேரி புல்வாருக்குள் இருக்கும் பழைய நகரத்திலும், கடலூரில் மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை வரையிலும் சமதரைதான். கேப்பர் மலை ஏற்றமென்றால் இறங்கித் தள்ளுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் மட்டும் போகாதீர்கள். அங்கே பஸ் ஓட்டுநருக்கு உங்கள் வயது தெரியாது.

பிரெஞ்சுக்காரர் ரொபேர் மார்ஷான் 100 வயதில் ஒரு மணி நேரத்தில் 24.25 கி.மீ. ஓட்டினார். 102 வயதில் 26.927 கி.மீ. தூரம் கூடியிருப்பதைக் கவனியுங்கள். இடையில் அவர் செய்த பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு நிதானமான ஓட்டம், ஒரு பங்குதான் கடினமானது. நமக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். 65க்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அரை மணி வீதம் ஐந்து நாள் ஓட்டினாலே 150 வந்துவிடும். ஆனால் சைக்கிள் எலும்பை வலுவாக்காது, உடல் பாரத்தைச் சீட்டே வாங்கிக்கொள்கிறது. நடையும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியும் தனியாக வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்கள் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிட்டுத் தலை சுற்றுகிறது என்றால் டாக்டரிடம் கேட்காமல் ஏறாதீர்கள். நெஞ்சு இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள்.

கடலோர உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு ஆயில் விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தை மறுபடி துடையுங்கள். தேங்காயெண்ணெய் பிசுபிசுத்துப் புழுதியைப் பிடிக்கும், வேண்டாம். மழையில் இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். புது சைக்கிள் எடுக்கிறவர்கள் அலுமினிய ரிம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பழையதை வைத்திருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டு ரோடு காய்ந்த பிறகு எடுக்கலாம்.