"தமிழ் தெரியாதா?" என்று கேட்காத ஒரு சனிக்கிழமை

போன மாதம் ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். மொரிஷியஸில் நாலே நாள். ஷமரேல் ஏழு நிற மண், கிராண்ட் பாசின், லெ மோர்ன் மலை, படகுச் சவாரி என்று தீவையே வேனுக்குள் இருந்து பார்த்து முடித்துவிட்டார்கள். கிளம்புகிற அன்று காலையில் போர்ட் லூயிஸ் சந்தைக்குக் கூட்டிப்போனேன். நான் வழக்கமாகக் கீரை வாங்கும் அம்மாவின் நெற்றியில் குங்குமம், கடைப் பலகையில் அசல் தமிழ்ப் பெயர். அதைப் பார்த்ததும் வந்தவர்களில் ஒருவர் சத்தமாகக் கேட்டார்: "பேரு தமிழ்ப் பேரு, தமிழ் தெரியாதா? என்னங்க இது?" அந்த அம்மாவுக்கு வார்த்தை புரியவில்லை, தொனி நன்றாகப் புரிந்தது. தலையைக் குனிந்து கீரைக்கட்டை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை. அடுத்த சனிக்கிழமை இவரிடம் சொன்னேன்: "இன்னிக்கு ரெண்டு பேரும் வெளியில போவோம். அவசரம் வேணாம், கார் வேணாம். முதல்ல சந்தை, மத்ததெல்லாம் அப்புறம்." இங்கே வந்து ஆறு வருஷத்தில் அப்படி ஒரு நாள் நாங்கள் போனதே இல்லை.

ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறி போர்ட் லூயிஸில் இறங்கினோம். காலைச் சாப்பாடு தெருவில்தான். தால் பூரி இங்கே ஜோடியாகத்தான் விற்பார்கள். இந்தத் தீவின் பேச்சுமொழியான க்ரியோலில் 'ஒரு ஜோடி' என்பது தமிழ்க் காதுக்கு 'என் பேர்' என்றே விழும். வேகவைத்த கடலைப்பருப்புப் பொடியை உள்ளே அடைத்து மெல்லிசாகத் தேய்த்துச் சுட்ட பூரி. அதற்குள் பட்டர் பீன்ஸ் கறி, தக்காளித் தொக்கு மாதிரியான ருகாய், பச்சை மிளகாய்த் துவையல். காகிதத்தில் சுருட்டிக் கையில் தருவார்கள், நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதுதான். பக்கத்திலேயே காத்தோ பிமா. பெயர் பிரெஞ்சு, பொருள் நம்ம பருப்பு வடை: ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்த பருப்பு, பச்சை மிளகாய், வெங்காயத் தாள், கொத்தமல்லி. நம் வடையைப் போலத் தட்டையாகத் தட்டாமல் சின்ன உருண்டையாகப் போடுகிறார்கள். வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் நாலைந்தை வைத்து அமுக்கித் தருகிறார்கள். இவர் ரெண்டு ரொட்டி சாப்பிட்டார்.

பிறகு அலூடா. நான் மதுரைக்காரி, ஜிகர்தண்டா குடித்து வளர்ந்தவள். குளிர்ந்த பால், கடல்பாசி, ஊறின சப்ஜா விதை, மேலே ஐஸ்கிரீம் என்று அந்தக் கிளாஸைக் கையில் வாங்கும்போதெல்லாம் விளக்குத்தூண் ஞாபகம் வரும். வாசனை மட்டும் வேறு, வனிலா.

காய்கறிப் பக்கம் போய் அந்த அம்மாவின் எதிரே நின்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறை க்ரியோலில் போன வாரத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு, என்ன வேண்டும் என்றார்கள். நான் கைகாட்டக் காட்ட ஒவ்வொன்றின் பெயரையும் சொன்னார்கள். முருங்கைக்கீரைக்கு 'ப்ரெட் முரும்' ('ப்ரெட்' என்றால் கீரை). கறிவேப்பிலைக்கு 'கரிபுலே'. கொத்தமல்லிக்கு 'கொத்தொமிலி'. பீர்க்கங்காய்க்கு 'பிப்பங்காய்'. வீட்டில் ரசம் வைத்தால் அது 'ரசோன்'.

இதைத்தான் நம் ஆட்கள் காதில் வாங்குவதே இல்லை. 'கொத்தொமிலி' என்று சொல்லும் இங்குள்ள சீனருக்கும், ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும், பிரெஞ்சுக்காரருக்கும் அது தமிழ்ச் சொல் என்ற நினைப்பே கிடையாது. அது அவர்களுடைய சொல்லாகவே ஆகிவிட்டது. ஒரு தீவின் சமையலறை முழுக்க நம் சொற்கள் புழங்கும்போது, அதைக் கொண்டுவந்து சேர்த்தவர்களின் பேத்தியை நிறுத்திவைத்து "தமிழ் தெரியாதா?" என்று பரீட்சை வைக்க நமக்கு என்ன உரிமை?

அந்த அம்மா தன் பாட்டியை, அதாவது ஆயாவைப் பற்றிச் சொன்னார்கள். ஆயா மாட்டோடும் சாமியோடும் தமிழில் பேசுவாராம். பிள்ளைகளோடு க்ரியோல் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சும் இங்கிலீஷும், கரும்புத் தோட்டத்தில் போஜ்புரியும் க்ரியோலும். தமிழை வைத்துக்கொண்டு பிள்ளைகள் எங்கே போய்ப் பிழைப்பார்கள் என்று ஆயா பயந்திருக்கிறார். இதைச் சொல்லிக்கொண்டே முருங்கைக்கீரையை ஈரக் காகிதத்தில் சுற்றினார்கள். "சாயங்காலம் வரைக்கும் வாடாது" என்றார்கள்.

சந்தையிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் ஆப்ரவாசி காட், கூலிகள் கப்பலிலிருந்து வந்திறங்கிய படித்துறை. 1834-லிருந்து 1920 வரை ஏறத்தாழ 5 லட்சம் ஒப்பந்தக் கூலிகள் இந்தத் தீவுக்கு வந்தார்கள். கல்கத்தாவிலிருந்து வந்தவர்களே அதிகம் என்றாலும், சென்னையில் கப்பலேறியவர்களும் ஏராளம். அதற்கும் நூறு வருஷம் முன்பே, லா பூர்தொனே இங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்த 1730-களில், புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தனார்களும் தச்சர்களும் இந்தத் துறைமுகத்தைக் கட்ட வந்துவிட்டார்கள். 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இந்த இடத்தில் பிரமாண்டமாகப் பார்க்க ஒன்றும் இல்லை. கருங்கல் சுவர்கள், கொஞ்சம் இடிபாடு, சில கல்படிகள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் படியில் கால் வைத்தபோது இவர் ரொம்ப நேரம் பேசவில்லை. எங்கள் இருவரின் கையிலும் பாஸ்போர்ட்டும் திரும்பிப் போக டிக்கெட்டும் இருந்தன. இந்தப் படியேறியவர்களில் பலருக்குத் திரும்பிப் போகிற வழியே இல்லாமல் போயிற்று.

அங்கிருந்து பேருந்தில் பாம்பிள்மூஸ் தாவரவியல் தோட்டம். எல்லோரும் ராட்சத அல்லி இலைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், நாங்களும் எடுத்தோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது தாளிப்பனை. பல பத்தாண்டுகள் பூக்காமல் வளர்ந்து, ஒரே ஒரு தடவை பூத்துக் காய்த்து, அதோடு மடிந்துவிடும் மரம். நம் முன்னோர்கள் ஏடு எழுதிய ஓலைகளில் இதன் ஓலையும் உண்டு. அதன் நிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இவர் ஒரு குட்டித் தூக்கமே போட்டுவிட்டார்.

அங்கே உட்கார்ந்துதான் பர்ஸிலிருந்து ஒரு மொரிஷியஸ் 100 ரூபாய் நோட்டை எடுத்துப் பார்த்தேன். இந்த நாட்டுத் தமிழ் அரசியல்வாதி ரெங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட நோட்டு. இங்கிலீஷுக்கு அடுத்து தமிழ், அதற்கு அடுத்து இந்தி. 1998-ல் புது நோட்டில் இந்தியை முன்னால் போட்டுத் தமிழைக் கீழே இறக்கினார்கள். வீட்டில் க்ரியோல் பேசுகிற இந்தத் தமிழர்கள் அன்று கொதித்தெழுந்தார்கள். கடைசியில் நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தாங்கள் வாசிக்கத் தடுமாறும் எழுத்துக்காகச் சண்டை போட்டு வாங்கியிருக்கிறார்கள். சரளமாக வாசிக்கிற நாம் எதற்காவது அப்படி நின்றிருக்கிறோமா? தைப்பூசக் காவடிக்கு இங்கே நாடு முழுக்க விடுமுறை. புரட்டாசியில் 'கோவிந்தன்' என்று விரதமிருந்து வாழையிலையில் ஏழு கறி பரிமாறுகிறார்கள். பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள். இதற்கெல்லாம் யாரும் இவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

சாயங்காலம் மோன் ஷுவாசி கடற்கரை. நீளமான சவுக்குத் தோப்பு, அதற்கு அந்தப் பக்கம் அலையே இல்லாத பச்சைக் கடல். தோப்பு முழுக்கக் குடும்பங்கள், பாய் விரித்து, அண்டாவோடு பிரியாணி. நாங்கள் மிளகாயும் உப்பும் புளியும் புரட்டிய அன்னாசியை வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம். உதடு எரிந்தது, நிறுத்த முடியவில்லை. சூரியன் நேர் எதிரே கடலுக்குள் இறங்கியது. பக்கத்துப் பாயில் இருந்த ஒரு பாட்டி எதுவும் கேட்காமல் எங்களிடம் ரெண்டு தட்டு நீட்டினார். "மெர்சி" என்றேன். என் பொட்டைப் பார்த்துவிட்டு, "வணக்கம்" என்றார்.

டிசம்பரில் இன்னொரு உறவுக் குடும்பம் வருகிறது. திட்டம் கேட்டு இப்போதே போன் மேல் போன். நாலு நாளில் ஒரு நாள் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அன்று வேன் கிடையாது. சந்தைக்கு நானே கூட்டிப்போவேன். அந்த அம்மாவிடம் எதையும் விசாரிக்கக் கூடாது, 'போன்ஜூர்' சொல்லிவிட்டுக் கீரை வாங்க வேண்டும். அவராகப் பேசினால் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

வீடு திரும்ப எட்டு மணி ஆகிவிட்டது. ஈரக் காகிதத்தைப் பிரித்தால், அந்த அம்மா சொன்னபடி கீரை வாடவே இல்லை. ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஆய்ந்தோம்.