பத்து மாதத்தில் சுருங்கிய மூளை

போன வாரம் ஷிஃப்ட் முடியப் போகிற நேரம். ஒரு அண்ணாச்சி இரண்டு ஃபிலிம் கவரோடு வந்து நின்றார். வயது 61. தலைசுற்றலுக்காகப் போன வருஷம் ஓரிடத்தில் ஸ்கேன் எடுத்திருக்கிறார், பத்து மாதம் கழித்து வேறோர் ஊரில் இன்னொன்று. முதல் ரிப்போர்ட்டில் எல்லாம் வயதுக்கேற்றபடி இருப்பதாக ஒரு வரி. இரண்டாவதில் லேசான மூளைச் சுருக்கம் என்று ஒரு வரி. நடுவில் யாரோ படித்துவிட்டு ஏதோ சொல்ல, மனுஷன் மூன்று நாளாகத் தூங்கவில்லை. “தம்பி, பத்து மாசத்துல மூள சுருங்கிட்டாம்லா. இந்தக் கணக்குல போனா எனக்கு இன்னும் எத்தன வருசம்?”

ரிப்போர்ட்டைப் பற்றிப் பேச எனக்கு உரிமை கிடையாது. நான் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் டெக்னீஷியன். திருநெல்வேலிப் பக்கம் 14 வருஷமாக ஆட்களைக் காந்தக் குழாய்க்குள் அனுப்பிவிட்டு, “ஆடாதீங்க, இன்னும் அஞ்சே நிமிஷம்” என்று மைக்கில் கெஞ்சுகிறவன். டாக்டரிடம் கேளுங்கள் என்று அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட கேள்வியில் பெரிய ஆராய்ச்சிகளே வழுக்கி விழுந்திருக்கின்றன. அதனால் இந்த நீளப் பதிவு. செல்போன் பார்த்தால் மூளை சுருங்கும், தியானம் செய்தால் பெரிதாகும் என்று ஃபார்வர்டு அனுப்புகிற சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.

மெஷின் மூளையை அளப்பதில்லை. தலைக்குள் இருக்கிற நீரின் ஹைட்ரஜன் தரும் சிக்னலை வாங்கி, வெளிறியதும் கறுத்ததுமான கட்டங்களாக அடுக்கித் தருகிறது. ஆராய்ச்சிக்கு எடுக்கும் படங்களில் ஒரு கட்டம் வழக்கமாக நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மில்லிமீட்டர். வாக்சல் என்பார்கள். அதில் எது மூளை, எது சுற்றியுள்ள நீர் என்று பிரித்து எண்ணுவது மென்பொருளின் வேலை. தகராறு ஓரத்தில்தான். பாதி மூளையும் பாதி நீரும் விழுந்த கட்டத்தை எந்தக் கணக்கில் வைப்பது? நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்குச் சுமார் 3,500 கட்டம் தேறும். ஒடுங்கி நீண்ட உருப்படி என்பதால், நான் போட்ட தோராயக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓரக் கட்டங்கள். அல்சைமர் நோயில் அது வருஷத்துக்கு 3 முதல் 5 சதவீதம் வரை குறைகிறது. நோயில்லாத முதியவருக்கு 1 சதவீதத்தை ஒட்டி. 1 சதவீதம் என்றால் 35 கட்டம். ஆயிரத்துச் சொச்சம் ஓரக் கட்டங்களில் 35 கட்டம் கட்சி மாறுவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம்.

இதைச் சொன்னால் ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஒரு எண்ணை எடுத்து நீட்டுவார்கள். “ஒரே ஆட்களை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தாச்சு, நம்பகத்தன்மை 0.99.” நானும் பல வருஷம் அதை நம்பினேன். 1-க்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தால் அப்புறம் என்ன சந்தேகம்?

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். கணக்குக்காக, பெரியவர்களின் மூளை சராசரியாக 1,200 மில்லிலிட்டர், ஆளுக்கு ஆள் வித்தியாசம் 120 மில்லிலிட்டர் போல என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆளைத் திரும்ப எடுத்தால் வருகிற பிழை 1 சதவீதம், அதாவது 12. 120-இன் வர்க்கம் 14,400. 12-இன் வர்க்கம் 144. முதல் எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.99. நம்பகத்தன்மை உச்சத்தில் தெரிவதற்குக் காரணம், மனிதத் தலைகள் ஒன்றுக்கொன்று அவ்வளவு வித்தியாசமாக இருப்பதுதான். யாருடைய மூளை பெரிது, யாருடையது சிறிது என்று வரிசைப்படுத்த இந்த அளவு பிரமாதம். அண்ணாச்சியின் மூளை பத்து மாதத்தில் குறைந்ததா என்று கேட்டால் கதை வேறு. அந்த வயதில் மூளை முழுக்கச் சேர்த்து வருஷத்துக்கு அரை சதவீதம் போல, 6 மில்லிலிட்டர் குறையும். இரண்டு ஸ்கேனிலும் தலா 12 பிழை இருந்தால், கழித்து வரும் விடையின் பிழை 17. 6-ஐத் தேடப் போய் 17-இல் மாட்டிக்கொள்கிறோம். அதே மெஷின், அதே மென்பொருள், அதே 0.99.

நெல் ஏற்றிய லாரியை எடைமேடையில் நிறுத்தி எடை போடுங்கள். டிரைவரை இறக்கிவிட்டு மறுபடி போடுங்கள். வித்தியாசம்தான் டிரைவரின் எடை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா? லாரிக்கு லாரி ஒப்பிட அந்த எடைமேடை அருமையானது. டிரைவரை எடைபோட அதை யாரும் கட்டவில்லை.

டிரைவரை மட்டும் நிறுக்க வழி தேடியவர்களும் உண்டு. 1997இல் லண்டனில் ஃப்ரீபரோவும் நிக் ஃபாக்ஸும் ஒரு முறையை வெளியிட்டார்கள். இரண்டு படங்களையும் தனித்தனியே அளந்து கழிக்காமல், ஒன்றின் மேல் ஒன்றைச் சரியாகப் பொருத்தி, மூளையின் எல்லைக்கோடு எவ்வளவு நகர்ந்தது என்று மட்டும் பார்ப்பது. பிழை வெகுவாகக் குறைந்தது. ஆனால் பொருத்துகிற வேலையிலும் வினை ஒளிந்திருக்கும் என்பது பிற்பாடு தெரிந்தது. 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.டி.என்.ஐ. என்கிற பெரிய அல்சைமர் படத் திட்டத்தின் தரவை வைத்து, 2010ஐ ஒட்டி இதைக் காட்டினார்கள். முதல் படத்தை ஒரு மாதிரியும் இரண்டாவதை வேறு மாதிரியும் மென்பொருள் நடத்தினால், இல்லாத சுருக்கம் முளைத்துவிடும். கண்டுபிடித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. 6 மாதம், 12 மாதம், 24 மாதம் என்று வந்த சுருக்கத்தைக் கோடு போட்டுப் பின்னால் இழுத்துப் பார். ஆரம்ப நாளில் கோடு பூஜ்யத்தைத் தொட வேண்டும். தொடவில்லை. நோயாளி வந்த முதல் நாளே, நேரமே ஓடாமல், மூளை சுருங்கியிருந்தது! இந்தச் சோதனைக்குப் பெரிய கணிதம் எதுவும் தேவைப்படவில்லை.

ஒரு பிழை அங்குமிங்குமாகச் சிதறினால் பயப்பட வேண்டியதில்லை. 200 பேரை எடுத்தால் சராசரியில் அடங்கிவிடும். ஒரே பக்கமாகச் சாய்கிற பிழையை 2,000 பேரை எடுத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது, இன்னும் உறுதியாகத் தப்புச் சொல்வோம், அவ்வளவுதான். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தேன்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பி.ஜி. மாணவரின் தீசிஸுக்கு நான்தான் படம் எடுத்துக் கொடுத்தேன். குடிநோயாளிகளின் மூளை சுருங்கியிருக்கிறதா என்பது தலைப்பு. நோயாளிகளைக் காலையில் வார்டிலிருந்து கூட்டி வருவார்கள். ஒப்பீட்டுக்கு (கன்ட்ரோல் என்பார்கள்) ஆஸ்பத்திரி ஊழியர்கள், டியூட்டி முடிந்து சாயங்காலம் வருவார்கள். குடியை நிறுத்திய சில நாட்களில் ஆள் எப்படி இருப்பார் என்று தெரியும்தானே? கை நடுங்கும், ஒரு நிமிஷம் சும்மா படுக்க முடியாது, உடம்பில் நீர்ச்சத்தே இருக்காது. ஊழியர்களோ நான் சொன்னால் சிலையாகக் கிடப்பார்கள். பாதியில் மெஷின் மென்பொருளும் அப்டேட் ஆனது. அதற்கு முன்னால் எடுத்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகள், பின்னால் எடுத்தவர்கள் பெரும்பாலும் ஊழியர்கள்.

ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று பாருங்கள். ஆட்டம்: 2015இல் வந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 12 பேரை வேண்டுமென்றே தலையசைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். நிமிஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அசைவுக்கு, சாம்பல் பொருள் (மூளையில் நரம்பு செல்கள் அடர்ந்த பகுதி) சுமார் 0.7 சதவீதம் குறைந்ததாகத் தோன்றியது. நீர்: 2005இல் ஜெர்மனியில் ஆரோக்கியமானவர்களை 16 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கச் சொல்லி எடுத்ததில் மூளை சராசரியாக 0.55 சதவீதம் குறைந்தது, குடித்ததும் ஏறிவிட்டது. ஒரு வருஷத்து முதுமை, ஒரு ராத்திரி தாகத்தில். நேரம்: காலையில் மூளை சற்றுப் பெரிதாகவும் சாயங்காலம் சற்றுச் சிறிதாகவும் தெரியும். இது மட்டும் இந்தத் தீசிஸில் எதிர்ப் பக்கமாக இழுத்திருக்கும். மென்பொருள்: ஆராய்ச்சிக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஃப்ரீசர்ஃபரின் மூன்று பதிப்புகளில் ஒரே படங்களை ஓட்டிப் பார்த்த 2012 ஆய்வில், கன அளவுகளின் வித்தியாசம் சராசரி 8.8 சதவீதம். பதிப்பை விடுங்கள், மேக் கணினியின் இயங்குதளம் மாறியதற்கே அளவு மாறியது.

நான் மாணவரிடம் சொன்னேன். அவர் கைடிடம் சொன்னார். “கேஸும் கன்ட்ரோலும் ஒரே மெஷின்தானே?” என்றாராம். தீசிஸ் பாஸ். குடி மூளையைச் சுருக்குகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு வேறு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. இந்தத் தீசிஸ் அளந்தது குடியையா, தாகத்தையா, நடுக்கத்தையா என்பதுதான் தெரியாது. கலந்து கலந்து படுக்க வைத்திருந்தால், அதாவது காலையில் இரண்டு நோயாளி, இரண்டு ஊழியர், சாயங்காலமும் அப்படியே என்று என் அட்டவணையை மாற்றியிருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். காசு செலவில்லை.

துறை முழுக்க இந்தக் கதைதான் என்று 2013இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை போட்டு உடைத்தது. மூளைக் கன அளவு பற்றிய 461 ஆய்வுகளை எடுத்துப் பார்த்ததில், உண்மையிலேயே இருக்கிற வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நடுவாந்திர ஆய்வுக்கு 8 சதவீதம். அப்படியிருந்தும் நாம் படிக்கிறதெல்லாம் ‘கண்டுபிடித்துவிட்டோம்’ வகைதான். கண்டுபிடிக்காத தீசிஸ்கள் எந்த பீரோவில் இருக்கின்றனவோ.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். லண்டன் டாக்ஸி டிரைவர்கள் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 2000இல் எலினார் மக்வயர் குழு 16 டிரைவர்களை 50 பேரோடு ஒப்பிட்டது. டிரைவர்களுக்கு ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெரிதாக இருந்தது, முன்பகுதி சிறிதாக. உலகம் கொண்டாடியது. எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் அவர்கள் செய்தது. நாள் முழுக்க வண்டி ஓட்டுவதாலும் டிராஃபிக் டென்ஷனாலும் அப்படி ஆகியிருக்கலாமே என்று கேட்டுக்கொண்டு, 2006இல் பஸ் டிரைவர்களோடு ஒப்பிட்டார்கள். அதே ஊர், அதே நெரிசல், ஆனால் ஒரே ரூட். டாக்ஸிக்காரர்களுக்குத்தான் பெரிது. அதோடும் விடவில்லை. பெரிய ஹிப்போகேம்பஸ் உள்ளவர்கள்தான் டாக்ஸித் தேர்வில் தேறுகிறார்களோ? ஒரே ஒரு தடவை எடுத்த படத்தை வைத்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது. அதனால் 79 பேரைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே படம் எடுத்தார்கள். லண்டன் நடுவிலுள்ள சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்யும் படிப்பு அது, மூன்று நான்கு வருஷம் ஆகும். முடிவில் 39 பேர் தேறினார்கள். தேறாதவர்களிலும் 20 பேர் திரும்ப வந்து படுத்தார்கள். (தோற்றுப்போன பரீட்சைக்காக மறுபடி ஸ்கேனுக்கு வந்த அந்த 20 பேர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.) ஆரம்பத்தில் யாருக்குள்ளும் வித்தியாசமில்லை. முடிவில் தேறியவர்களுக்கு மட்டும் வளர்ந்திருந்தது. 2011இல் இதை வெளியிட்டார்கள். முதல் படத்துக்கும் இதற்கும் இடையே 11 வருஷத்துக்கு மேல். தேறுவதும் தேறாததும் குலுக்கல் சீட்டு இல்லை என்பதால் இதிலும் ஓட்டை உண்டு, ஆனால் ஒவ்வொரு ஓட்டையையும் அவர்களே தேடிப்போய் அடைத்த விதம் இருக்கிறதே!

ஒரே தடவை படம் எடுத்து வயதை ஒப்பிடுவதில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. 2024இல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்விலிருந்து ஒரு கணக்கு வந்தது. 1930களில் பிறந்தவர்களின் மூளை சராசரி 1,234 மில்லிலிட்டர், 1970களில் பிறந்தவர்களுக்கு 1,321. பிறந்த காலமே 6.6 சதவீத வித்தியாசம் கொடுக்கிறது. தாத்தாவையும் பேரனையும் பக்கத்தில் படுக்க வைத்து, வித்தியாசம் பூராவும் முதுமை என்று எழுதினால் தாத்தாவுக்குச் செய்கிற அநியாயம்.

சுருங்குவது என்றாலே கெட்டது என்பதும் நிச்சயமில்லை. அல்சைமருக்கு ஏ.என். 1792 என்று ஒரு தடுப்பூசியைச் சோதித்தார்கள். சிலருக்கு மூளை அழற்சி வந்ததால் 2002இல் ஊசி போடுவதை நிறுத்திவிட்டார்கள். படங்களைப் பிற்பாடு அளந்தபோது, ஊசிக்கு நன்றாக எதிர்வினை காட்டியவர்களுக்குத்தான் மூளை அதிகம் குறைந்திருந்தது. ஆனால் அந்த அளவுக்கு அவர்களின் அறிவுத்திறன் மோசமாகவில்லை. அமிலாய்டு (அல்சைமரில் மூளையில் சேர்கிற புரதம்) படிவு வெளியேறியதாலா, நீர் வடிந்ததாலா, நிஜமான சேதமா என்ற சண்டை இப்போது வந்திருக்கிற புதிய மருந்துகள் வரை தொடர்கிறது. கட்டங்களை எண்ணலாம். எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று கட்டம் சொல்லாது.

அண்ணாச்சிக்கு இவ்வளவும் சொல்லவில்லை. இரண்டு கவரையும் வாங்கி வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். ஒன்று 1.5 டெஸ்லா காந்த பலம், இன்னொன்று அதைவிடப் பலம் குறைந்த பழைய மெஷின். இரண்டிலும் ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் வெட்டிய படங்கள், தலையைச் சாய்த்திருந்த கோணமே வேறு. இரண்டையும் பார்த்து எழுதியவர்கள் வேறு வேறு டாக்டர்கள், ஒருவர் படத்தை மற்றவர் பார்த்ததே இல்லை. “ரெண்டு கடைத் தராசுல நிறுத்திட்டு, எளைச்சிட்டேன்னு அழுவீங்களா அண்ணாச்சி? ரெண்டையும் ஒரே டாக்டர்ட்ட ஒண்ணா குடுங்க, அவர் சொல்லட்டும்” என்றேன். தண்ணீர் விஷயத்தையும் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார்.

“ரெண்டாவது ஸ்கேனுக்கு வெறும் வயித்துல வரச் சொன்னாங்க. காலைலருந்து பச்சத் தண்ணி குடிக்கல. அப்ப ஒரு செம்புத் தண்ணி குடிச்சிட்டுப் போயிருந்தா அந்த வரிய எழுதியிருக்க மாட்டாங்களா?”

“அரை சதவீதம் கண்ணுக்குத் தெரியாது அண்ணாச்சி” என்றேன். அவர் நம்பவில்லை. வெளியே கேனிலிருந்து இரண்டு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறப் போனார்.