டிபி மாத்திரைக்கு முன்னால் ஒரு கல்ச்சர்

நேற்றைய காணொளியைப் பற்றித்தான். எல்லோரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி விவரிக்க எனக்குப் பொறுமை இல்லை. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸ் என்ற நோய் வந்து இறந்த ஒரு விவசாயியின் குடும்பத்தைப் பார்த்து, "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று மருத்துவர் கேட்கிறார்.

அலைந்துகொண்டிருந்தார்கள் ஐயா. உங்களைப் போன்றவர்களிடம்தான்.

என் பெரியப்பாவும் நெல் விவசாயி, சர்க்கரை நோயாளி. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, டைபாய்டு என்றார்கள். இருமலும் மெலிவும் சேர்ந்தன. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும் டிபி ஆயிற்று. சளியில் டிபி கிருமி இல்லை, ஆனாலும் டிபி மாத்திரை. அது இந்தக் கிருமியைத் தொடுவதில்லை. முழங்கால் வீங்கியபோது வாதம் என்றார்கள். மண்ணீரலில் சீழ்க்கட்டிகள் இருப்பதை ஸ்கேன் காட்டிய பிறகே ஓர் இளம் மருத்துவர் சீழைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து இன்னதென்று கண்டறியும் சோதனைக்கு, அனுப்பினார். மெலியாய்டோசிஸ் என்று அப்போதுதான் தெரிந்தது. மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி மருந்தை ஏற்றத் தொடங்கும்போது கிருமி ரத்தமெங்கும் பரவிவிட்டது. பெரியப்பா பிழைக்கவில்லை.

நுரையீரல், கல்லீரல், மூட்டு, மூளை என்று எங்கு வேண்டுமானாலும் போகும் நோய் இது. அறிகுறியை மட்டும் பார்த்துப் பிடிக்க முடியாது. அதனால்தான் கல்ச்சர் என்கிறேன். முதலில் ரத்தக் கல்ச்சர், பிறகு உங்கள் யூகம்.

"நம் நாட்டில் டிபிதானே அதிகம்?" அதிகம்தான், மறுக்கவில்லை. மாத்திரைக்கு அடங்காத காய்ச்சலையும் டிபி என்றே சொல்லிக்கொண்டிருப்பதுதான் என் வயிற்றெரிச்சல். "கல்ச்சருக்குச் செலவாகுமே?" இரண்டு ஸ்கேனுக்குப் பணம் இருந்ததல்லவா? "கல்ச்சரிலும் தவறுமே?" தவறும். சூடோமோனாஸ் என்ற வேறொரு கிருமி என்றோ, வெளியிலிருந்து மாதிரியில் கலந்த கிருமி என்றோ ஒதுக்கிவிடுவதும் உண்டு. சந்தேகத்தைச் சீட்டில் எழுதி அனுப்பினால் ஆய்வகம் கவனித்துப் பார்க்கும். எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா? "நீ டாக்டரா?" இல்லை. பிணத்தை வாங்கி வந்தவன்.

புதிய நோய், தெரியாது என்றும் சொல்லாதீர்கள். 1911இல் பர்மாவின் ரங்கூனில் இதை முதலில் கண்டவர்கள் வைட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள். நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. ஊசிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை விழுங்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் திரும்பும் என்பது வரை எழுதிவைத்திருக்கிறார்கள். படிப்பதற்குத்தான் ஆள் இல்லை.

பெரியம்மாவை நிற்கவைத்துக்கொண்டே ஒருவர் கேட்டார், "செருப்புப் போட்டுக்கொண்டு வயலில் இறங்கக் கூடாதா?" வெறுங்காலில் சேற்றில் நின்றால் கீறல் வழியாகக் கிருமி ஏறும், அது சரிதான். முழங்கால் வரை புதையும் நடவுச் சேற்றில் எந்தச் செருப்பு நிற்கும் என்று அவர் ஒரு நாள் இறங்கிக் காட்டட்டும். வயல் எங்களுடையதுதான், வாடகை கேட்க மாட்டேன்.